பந்து எறியும் ரொபோவுக்கு எந்த மோட்டார்? நான்கு வகை கையில் இருக்கிறது, முடிவெடுக்க முடியவில்லை

நானுஓயா_பனி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நானுஓயாப் பக்கம் உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் படிக்கும் ஐந்து பேர். முதன்முறையாக ரொபோ போட்டிக்குப் போகிறோம். ஓட்டும் பகுதி ஓரளவு முடிந்துவிட்டது. பந்து எறியும் பகுதியில்தான் மூன்று வாரமாக நிற்கிறோம்.

ஆட்டம் இதுதான். 12 செ.மீ. விட்டமுள்ள ஸ்பொஞ்ச் பந்து, நிறை 80 கிராம். மூன்று மீற்றர் தூரத்தில் ஒரு கூடை, அதன் விளிம்பு தரையிலிருந்து 1.6 மீற்றர் உயரம். ரொபோ ஒரே நேரத்தில் மூன்று பந்து சுமக்கலாம். 3 செல் லித்தியம் பெட்டரிக்கு மேல் அனுமதி இல்லை. இறுதிச் சுற்று கொழும்பில்.

ஒரே சில்லு வைத்து, அதற்கு எதிரே வளைந்த தகடு போட்டு, பந்து இரண்டுக்கும் நடுவே நசுங்கி உருண்டு வெளியேறும்படி செய்யப் போகிறோம். சில்லு 10 செ.மீ., ரப்பர் போர்த்தியது. பந்து தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில், 60 பாகைச் சாய்வில் வெளியே வரும்.

கையில் இருக்கும் மோட்டார்கள்: பஞ்சிகாவத்தையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டார் ஒன்று. சுற்றை அளக்கும் என்கோடர் பூட்டிய 37 மில்லிமீற்றர் கியர் மோட்டார், நிமிடத்துக்கு 1,000 சுற்று. புறக்கோட்டையில் வாங்கிய 12 வொல்ட் 775 மோட்டார். ட்ரோனில் போடும் 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், அதற்குரிய 30 அம்பியர் கட்டுப்பாட்டுப் பலகையோடு. கூட இருப்பவர்கள் வைப்பர் மோட்டார்தான் பலமானது என்கிறார்கள். கையால் பிடித்தால் நிறுத்தவே முடியவில்லை, அது உண்மை. ஆனால் பந்து தொப்பென்று முன்னால் விழுகிறது. எதைத் தேர்வது?

பந்தடி

தம்பி, ட்ரோன் மோட்டாரைப் போடுங்கள். நாங்கள் ஹட்டனிலிருந்து போனபோது அதைத்தான் போட்டோம். எடை குறைவு, வேகம் ஏராளம். வைப்பர் மோட்டாரை மறந்துவிடுங்கள். கண்ணாடி துடைக்க நிமிடத்துக்கு நாற்பது, அறுபது சுற்று போதும் என்று உள்ளே வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் வோர்ம் கியர் வைத்துச் செய்தது அது. பலம் இருக்கிறது, வேகம் இல்லை. பந்து எறிய வேகம்தான் வேண்டும்.

ஊவா_காற்று

தங்கச்சியா தம்பியா தெரியவில்லை, கேள்வியை ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்கள். பந்தின் நிறை, தூரம், உயரம், சாய்வு எல்லாம் கொடுத்திருப்பதால் ஊகம் இல்லாமல் பேசலாம். மோட்டாரிலிருந்து தொடங்காமல் பந்திலிருந்து தொடங்குவோம்.

உங்கள் பந்து 1.2 மீற்றர் ஏறி, 3 மீற்றர் தாண்ட வேண்டும். 60 பாகைச் சாய்வில், காற்றுத் தடையை விட்டுவிட்டு எறியச் சமன்பாட்டில் போட்டால் விநாடிக்கு 6.65 மீற்றர் வேகம் வருகிறது. உயர்தரப் பாடத்தில் வரும் அதே கணக்குதான், நீங்களும் போட்டுப் பாருங்கள். ஸ்பொஞ்ச் பந்து இலேசானது, காற்று பிடிக்கும். ஆகவே 7 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது பலர் சறுக்கும் இடம். ஒரு பக்கம் சில்லு, மறுபக்கம் அசையாத தகடு என்றால் பந்து தகட்டின் மேல் உருண்டு போகிறது. அப்போது பந்தின் நடுப்புள்ளி, சில்லின் விளிம்பு வேகத்தில் பாதியில்தான் போகும். பந்து 7 இல் போக வேண்டுமானால் சில்லின் விளிம்பு 14 இல் ஓட வேண்டும். 10 செ.மீ. சில்லுக்கு ஒரு சுற்று 31.4 செ.மீ. அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட 45 சுற்று, நிமிடத்துக்கு 2,700. சறுக்கலும் இருக்கும், ஆகவே 3,000 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மோட்டார்களைப் பாருங்கள். வைப்பர் போய்விட்டது. 1,000 சுற்றுக் கியர் மோட்டாரை நேரடியாகப் பூட்டினால் விளிம்பு வேகம் 5.2, பந்து 2.6. அதுவும் போய்விட்டது. மிஞ்சுவது 775 உம் ட்ரோன் மோட்டாரும். ட்ரோன் மோட்டார் 1000 கேவி என்றால் ஒரு வொல்டுக்கு 1,000 சுற்று. 11.1 வொல்டில் 11,100. அதை நேரடியாகப் பூட்டினால் சில்லின் விளிம்பு விநாடிக்கு 58 மீற்றரில் ஓடும். ரப்பர் கழன்று முகத்துக்கு வரும். அப்படிச் செய்யவே வேண்டாம். மூன்றுக்கு ஒன்று பெல்ட் போட்டுக் குறைத்தால்தான் அது வேலைக்கு ஆகும்.

ஒரு எறிக்கு எவ்வளவு சக்தி என்றும் பார்ப்போம். 80 கிராம், 7 மீற்றர் வேகம், இயக்கசக்தி ஏறக்குறைய 2 யூல். பந்து சுழன்றுகொண்டே போவதால் அதற்கு இன்னும் முக்கால் யூல். ஸ்பொஞ்ச் நசுங்குவதிலும் சறுக்குவதிலும் வெப்பமாகப் போவதைச் சேர்த்து 5 யூல் என்று தாராளமாக வைப்போம். அவ்வளவுதான். பலர் நினைப்பது போல இதற்குப் பெரிய பலசாலி மோட்டார் தேவையில்லை. அந்த 5 யூலை எவ்வளவு சீக்கிரம் திரும்பச் சேர்க்கிறது என்பதுதான் கேள்வி.

ரோலிங்_ரூம்

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை பக்டரியில் பிட்டர். ரொபோ தெரியாது, சுழலும் சாமான்கள் தெரியும்.

பழைய பக்டரிகளில் டீசல் எஞ்சினுக்கு ஆள் உயரத்துக்கு பிளைவீல், அதாவது பாரமான சுழல் சில்லு, இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஒரு அடி அடிக்கும், அடுத்த அடி வரும்வரை சில்லின் பாரமே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். உங்கள் வேலையும் அதே மாதிரிதான் தெரிகிறது. பந்து சில்லைத் தொடும் அந்தக் கணத்தில் மோட்டார் ஒன்றும் செய்யப் போவதில்லை, அவ்வளவு நேரம் அதற்குக் கிடையாது. முன்பே சில்லில் சேர்த்து வைத்ததுதான் பந்துக்குப் போகும். சில்லு இலேசாக இருந்தால் ஒவ்வொரு பந்துக்கும் வேகம் விழும். அச்சில் இரும்புத் தட்டு இரண்டு போடுங்கள். லேத்தில் கடைந்து, நடுத்துளை சரியாக எடுத்தால் போதும்.

இன்னொன்று. சில்லை மோட்டாரின் தண்டிலேயே தொங்க விடாதீர்கள். 775 இன் தண்டு 5 மில்லிமீற்றர்தான். பந்து ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் தள்ளும். சில்லுக்கென்று தனித் தண்டு, இரண்டு பக்கமும் பெயரிங், மோட்டாரை அதோடு கப்ளிங்கில் இணைப்பது. ஸ்கேட்டிங் சில்லில் வரும் 608 பெயரிங் எங்கும் கிடைக்கும், 8 மில்லிமீற்றர் தண்டுக்குச் சரியாக இருக்கும்.

ஊவா_காற்று

அண்ணே சொன்னதை எண்ணில் போட்டுப் பார்த்தேன். தங்கச்சி/தம்பியின் சில்லு 300 கிராம் என்று வைத்தால், 3,000 சுற்றில் அதில் இருப்பது 18.5 யூல். அதிலிருந்து 5 போனால் வேகம் 15 சதவீதம் விழும். 10 செ.மீ. விட்டம், 6 மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு இரும்புத் தட்டு சேர்த்தால் சேமிப்பு 64 யூலுக்குப் போகிறது. அப்போது ஒரு பந்துக்கு 4 சதவீதம்தான் விழும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தட்டு போட்டதால் மீளும் நேரம் குறையாது. 5 யூல் போனால் 5 யூலைத்தான் திரும்பச் சேர்க்க வேண்டும், அதைச் செய்வது மோட்டாரின் வலு. தட்டு, வேகம் எவ்வளவு விழுகிறது என்பதைக் குறைக்கும். மோட்டார், எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதைத் தீர்மானிக்கும். இரண்டையும் தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். என்னைக் கேட்டால் இந்த வேலையின் அழகே அதுதான்.

நானுஓயா_பனி

அண்ணாமார் எல்லோருக்கும் நன்றி. நான் தங்கச்சிதான்.

கணக்கை நாங்களும் போட்டோம், 6.65 வந்தது. சில்லைத் தராசில் வைத்தோம், 310 கிராம். வைப்பர் மோட்டாரை வாங்கிய காசு வீணாகிவிட்டதே என்று இவர்கள் கவலைப்படுகிறார்கள்.

இரண்டு கேள்வி. ஒன்று, இரண்டு பக்கமும் சில்லு வைத்தால் பந்து முழு விளிம்பு வேகத்தில் போகுமே, அப்போது கியர் மோட்டாரே போதாதா? இரண்டு, 775 மோட்டாரில் "12 வொல்ட்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் எழுதவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் "775 தானே மகள், எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். அதன் வேகம் எப்படித் தெரிந்துகொள்வது?

ஊவா_காற்று

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு சில்லு வைத்தால் பந்து விளிம்பு வேகத்துக்குக் கிட்டத்தில் போகும், சரி. உங்கள் கியர் மோட்டாரில் அது 5.2. தேவை 6.65. போதாது. அதோடு இரண்டு சில்லும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் பந்து வளைந்து போகும். ஒற்றைச் சில்லில் பந்து பின்சுழற்சியோடு போகிறது. அது கூடையின் பின்பக்கத்தில் பட்டால் உள்ளே விழும் பக்கம் திரும்பும். உங்கள் அமைப்பை மாற்ற வேண்டாம்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. 775 என்பது மோட்டார் உடலின் அளவு. சுமார் 42 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளை, அவ்வளவுதான் அந்த எண் சொல்கிறது. உள்ளே எத்தனை சுற்றுக் கம்பி, எவ்வளவு தடிப்பு என்பதை அது சொல்லாது. ஒரே உடலில் 4,000 சுற்று மோட்டாரும் இருக்கும், அதைப் போல மூன்று மடங்கு ஓடுவதும் இருக்கும். ஆகவே அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று அளவு போதும்.

சுமையில்லா வேகம்: தண்டில் சின்ன டேப் துண்டு ஒன்றைக் கொடி போல ஒட்டுங்கள். சுழலும்போது அது ஒரு காகித விளிம்பைத் தட்டட்டும். கைபேசியில் ஒலியின் அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 100 ஹேர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 சுற்று, நிமிடத்துக்கு 6,000. கொடி இலேசாகத் தொட்டால் போதும், அழுத்தினால் வேகம் குறையும். கைபேசி வீடியோவில் எண்ணப் போனால் ஏமாறுவீர்கள். 240 படம் எடுக்கும் கமராவில் 100 சுற்றுக்கு ஒரு சுற்றில் இரண்டரைப் படம்கூட விழாது.

சுமையில்லா மின்னோட்டம்: மல்டிமீற்றரைத் தொடராகப் போட்டு, அப்போதே பெட்டரியின் வொல்ட்டையும் பாருங்கள்.

தடை: தண்டை இறுகப் பிடித்து, ஒன்றரை வொல்ட் மட்டும் இரண்டு விநாடிக்குக் கொடுத்து மின்னோட்டம் பாருங்கள். வொல்ட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை. தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மூன்று நான்கு இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள், பிரஷ் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். 12 வொல்ட் கொடுத்துப் பிடிக்க வேண்டாம், கம்பி எரியும்.

பந்தடி

தங்கச்சி, முதலில் தம்பி என்றதற்கு மன்னிக்க வேண்டும்.

ஊவா அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் ட்ரோன் மோட்டார் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். பெல்ட் போட்டு மூன்றுக்கு ஒன்று குறைத்தால் அது நல்ல மோட்டார்தான். எங்களுக்கு ஓடியது. கஷ்டம் வந்த இடங்களையும் சொல்கிறேன். அந்தக் கட்டுப்பாட்டுப் பலகை சென்சர் இல்லாமல் மோட்டாரின் நிலையை ஊகிக்கும். நின்ற நிலையில் பாரமான சில்லை எடுக்கும்போது விக்கி விக்கி நின்றது. மெதுவாகக் கொடுத்து எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் ட்ரோனில் விசிறிக் காற்றே மோட்டாரைக் குளிர்விக்கும். ரொபோவில் அந்தக் காற்று இல்லை, மூன்றாவது சுற்றில் தொட முடியாத சூடு.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். அமெரிக்காவில் தொடங்கிய பெர்ஸ்ட் ரொபோட்டிக்ஸ் போட்டியில் 2012, 2020, 2022 எல்லாம் பந்தெறி ஆட்டம். அங்கே வெகுகாலம் ஓடிய சிம் என்ற பிரஷ் மோட்டாரின் சுமையில்லா வேகம் 5,330 சுற்று. பின்னால் வந்த பிரஷ்லெஸ் நியோ 5,676, பல்கன் 6,380. வலு கூடிக்கொண்டே போனாலும் வேகம் எல்லாம் ஐந்தாயிரம், ஆறாயிரம் பக்கமே நிற்கிறது. 10 செ.மீ. சில்லுக்குக் கியர் இல்லாமலோ சின்ன மாற்றத்தோடோ பூட்டக்கூடிய வேகம் அது. உங்கள் 775 உம் அந்தப் பக்கம் இருந்தால் யோசிக்காமல் அதையே போடலாம்.

இன்னொரு சந்தோஷமான விசயம். ஆசிய பசிபிக் நாடுகளின் மாணவர் ரொபோ போட்டியான ஏபியூ ரொபோகொன் 2022 இல் புதுடில்லியில் நடந்தபோது ஆட்டமே லகோரி. கல் அடுக்கி, பந்தால் அடித்துச் சரித்து, திரும்ப அடுக்குகிற அதே விளையாட்டு. லயத்து முற்றத்தில் நாங்கள் ஓட்டுச் சில்லு அடுக்கி விளையாடியதுதான். 2025 இல் உலான்பாட்டரில் கூடைப்பந்து. பந்தெறி ரொபோ பழகுவது எந்தப் போட்டிக்கும் வீண் போகாது.

நானுஓயா_பனி

அளந்துவிட்டோம். எதிர்பாராத ஒன்று நடந்தது.

எங்கள் 775: பெட்டரி 12.1 வொல்ட், ஒலி 96 ஹேர்ட்ஸ், அதாவது 5,760 சுற்று. மின்னோட்டம் 1.3 அம்பியர். பிடித்து வைத்து 1.5 வொல்டில் சராசரி 2.4 அம்பியர், தடை 0.62 ஓம்.

உதிரியாக வைத்துக்கொள்ள இன்னொரு கடையில் இன்னொன்று வாங்கினோம். அதே உடல், அதே "12 வொல்ட்", நிறம்கூட அதேதான். அது 170 ஹேர்ட்ஸ்! 10,200 சுற்று. அளக்காமல் போட்டியன்று மாற்றிப் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்.

ஊவா_காற்று

அருமையான வேலை. இரண்டாவது மோட்டாரின் மேல் இன்றே பெரிதாக "10,200" என்று மார்க்கரால் எழுதுங்கள். அதை உதிரியாக எண்ண வேண்டாம். முதலாவதைப் போலவே ஒன்று தேடுங்கள், கிடைக்கும்வரை வாங்குவதையெல்லாம் அளந்து பாருங்கள்.

இனி உங்கள் அளவுகளிலிருந்து. 5,760 சுற்று என்றால் விநாடிக்கு 603 ரேடியன். 12.1 வொல்ட்டில் தடை தின்னும் 0.8 ஐக் கழித்து, 603 ஆல் வகுத்தால் 0.0187. ஒரு அம்பியருக்கு இத்தனை நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. பிடித்து நிறுத்தினால் 19 அம்பியர், 0.36 நியூட்டன் மீற்றர். உச்ச வலு ஏறக்குறைய 54 வாட். அது பாதி வேகத்தில், அதாவது 2,900 சுற்றுப் பக்கம் வரும். உங்களுக்கு வேண்டியது 3,000. மோட்டார் மிகவும் வலுவாக இருக்கும் இடத்திலேயே உங்கள் வேலை விழுகிறது.

நான் வழக்கமாக இன்னும் கொஞ்சம் மேலே, சுமையில்லா வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் ஓட விடுவேன். மின்னோட்டமும் சூடும் குறையும். ஆனால் எறிகள் மூன்றுதான், நடுவில் ஓய்வு இருக்கிறது. கியர் இல்லாமல் நேரடியாக 3,000 இல் ஓட்டுங்கள். நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்துக்கு 1.6 விநாடி. ஒரு பந்து போனபின் மீள, முழு வொல்ட் கொடுத்தால் பத்தில் ஒரு விநாடி. பெட்டரித் தளர்ச்சியும் கம்பி இழப்பும் சேர்ந்து 0.2 ஆகலாம்.

வேகத்தை மோட்டாரின் எல்லைக்கு ஒட்டி வைத்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள். 3,200 சுற்று மோட்டாரை 3,000 இல் ஓட்டினால் அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது முறுக்குவிசையில் ஆறு சதவீதம். மேலே ஏற மூச்சு இருக்காது. உங்கள் பெட்டரி 12.6 இல் தொடங்கி 11 க்குக் கீழே இறங்கும், அப்போது அந்த வேகமே எட்டாது.

மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் பலகையாக எல்298என் ஐ இதற்குப் போட வேண்டாம். ஒரு பக்கத்துக்கு 2 அம்பியர்தான் தாங்கும், இரண்டு வொல்ட் அளவுக்கு அதுவே தின்றுவிடும். பிடிஎஸ்7960 பலகை வாங்குங்கள்.

வைப்பர் மோட்டார் வீணில்லை. பந்துகளை ஒவ்வொன்றாகச் சில்லுக்குத் தள்ளும் வேலை மெதுவானது, பலம் வேண்டியது, வோர்ம் கியர் இருப்பதால் பின்னாலும் நழுவாது. அங்கே பூட்டுங்கள்.

கந்தப்பளை_மிஸ்

நானும் ஒரு பாடசாலையில் ரொபோ குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மகள், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இரும்புத் தட்டு சுழலும் இடத்தை முழுவதும் மூடுங்கள். பிளாஸ்டிக் போதாது, தகடு அல்லது தடித்த பலகை போடுங்கள். சோதனை நேரத்தில் சில்லின் சுழற்சித் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது, ஒரு பக்கமாக நில்லுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெட்டரியிலிருந்து போகும் கம்பியில் 20 அம்பியர் பியூஸ் ஒன்றும், கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தும் பொத்தானும் இருக்கட்டும். எங்கள் பிள்ளை ஒருவரின் கையில் ஒரு முறை காயம் பட்டது, சில்லைத் தண்டில் இறுக்கும் கிரப் ஸ்குரூ கழன்றதால். தண்டில் தட்டையாக ஒரு இடம் அராவி, அதன் மேல் ஸ்குரூ உட்கார வேண்டும்.

ரோலிங்_ரூம்

மிஸ் சொன்னதை ஆமோதிக்கிறேன். தட்டைக் கடைந்தபின் தண்டோடு இரண்டு கத்தி விளிம்பின் மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் பாரம். அங்கே சின்னத் துளை போட்டு எடுங்கள். நடுக்கம் போனால் பெயரிங் பிழைக்கும், உங்கள் சென்சரும் பிழைக்கும்.

நானுஓயா_பனி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பூட்டிவிட்டோம். தட்டை ஒரு பக்டரி வேர்க்ஷொப்பில் ஒரு மாமா கடைந்து கொடுத்தார். முதல் பந்து கூடைக்குள் விழுந்தபோது நாங்கள் கத்திய சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பே வந்துவிட்டது.

ஆனால் பிரச்சினை இருக்கிறது. மூன்று பந்தை வரிசையாக விட்டால் முதலாவது உள்ளே போகிறது. இரண்டாவது ஒரு சாணுக்கு மேல் முன்னால் விழுகிறது. மூன்றாவது அரை மீற்றருக்கு மேல் முன்னால். எப்போதும் இதே கணக்கு. பந்துகளுக்கு இடையில் 0.3 விநாடி இடைவெளி வைத்திருக்கிறோம். மீள்வதற்கு 0.2 போதும் என்றீர்களே? மோட்டார் பலம் போதவில்லையோ?

இன்னொரு பயம். இங்கே காலையில் பனி, குளிர். கொழும்புக்குப் போனால் காற்றே வேறு. அங்கே பந்து இன்னும் குறைவாகப் போகுமா?

பந்தடி

காற்று நிச்சயம் காரணமாக இருக்கும் தங்கச்சி. நாங்கள் மலையில் பழகிய தூரம் கீழே வரவில்லை. எங்கள் பந்து எல்லாம் விளிம்பில் பட்டது.

ஊவா_காற்று

காற்றைப் பிறகு பார்ப்போம். முதலில் மூன்றாவது பந்து. மோட்டாருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? நிரலில் அந்த வரியை மட்டும் போடுங்கள்.

நானுஓயா_பனி

பிடபிள்யூஎம் (மோட்டாருக்குப் போகும் மின்னின் அளவு) 140 என்று நிலையாகக் கொடுக்கிறோம், முழு அளவு 255 இல். அதில் 3,000 பக்கம் நிற்கிறது.

ஊவா_காற்று

அதுதான். மோட்டாரில் பலம் இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவில்லை.

140 என்பது 3,000 சுற்றைத் தக்கவைக்க மட்டும் போதுமான அளவு. பந்து போய் வேகம் 4 சதவீதம் விழுந்தபோதும் அதே 140 தான் போகிறது. அப்போது மேலே ஏற்ற மிஞ்சும் விசை மிகச் சிறியது. உங்கள் தட்டோடு அப்படி மீள்வதற்கான கால அளவு இரண்டு விநாடிக்கு மேல். 0.3 விநாடியில் இழந்ததில் ஏழில் ஒரு பங்குகூட வராது. கணக்குப் போட்டேன்: இரண்டாவது பந்து 96.5 சதவீத வேகத்தில் தொடங்குகிறது, மூன்றாவது 93.5 இல். எறியச் சமன்பாட்டில் போட்டால் இரண்டாவது 30 செ.மீ., மூன்றாவது 56 செ.மீ. முன்னால் விழ வேண்டும். நீங்கள் சாணிலும் அரை மீற்றரிலும் சொன்னது இதையேதான்.

ஆகவே வேகத்தை அளந்து ஓட்ட வேண்டும். காந்தம் கடக்கும்போது துடிப்பு தரும் ஏ3144 ஹோல் சென்சர் ஒன்று, தட்டில் எதிரெதிரே இரண்டு சின்னக் காந்தம். எதிரெதிரே வைத்தால் சமநிலையும் கெடாது. சென்சரின் வெளியீட்டுக்கும் அதன் நேர் மின்முனைக்கும் நடுவே 10 கிலோ ஓம் தடை ஒன்றைப் போடுங்கள். 3,000 சுற்றில் 10 மில்லிவிநாடிக்கு ஒரு துடிப்பு வரும். துடிப்புகளை எண்ண வேண்டாம், இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட மைக்ரோவிநாடியை எடுங்கள். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபரட் செரமிக் கொள்ளளவி ஒன்று பற்றவையுங்கள், இல்லாவிட்டால் பிரஷ் பொறி சென்சர் கம்பியில் பொய்த் துடிப்பாக வரும்.

கட்டுப்பாடு எளியது. வேகம் 3,000 க்குக் கீழே என்றால் முழு 255. மேலே போனால் விட்டுவிடு. பிளைவீலுக்கு இந்த முரட்டு வழி நன்றாக ஒத்துப்போகும், அதன் பாரமே எல்லாவற்றையும் மிருதுவாக்கிவிடும். ஒரே ஒரு கவனம்: பிடிஎஸ்7960 இல் பிடபிள்யூஎம்மைப் பூச்சியமாக்கினால் அது மோட்டாரைச் சுதந்திரமாக விடாது, முனைகளைக் குறுக்கே இணைத்துப் பிரேக் பிடிக்கும். சேர்த்து வைத்த சக்தியெல்லாம் மோட்டாருக்குள் சூடாகப் போகும். விட்டுவிட வேண்டுமானால் இயக்கு முனையை, பலகையில் ஈஎன் என்று முடியும் இரண்டையும், கீழே இறக்குங்கள்.

அப்புறம் 0.3 விநாடி என்ற நேரக் கணக்கையும் எடுத்துவிடுங்கள். வேகம் திரும்பிவிட்டது என்று சென்சர் சொன்னபின் வைப்பர் மோட்டார் அடுத்த பந்தைத் தள்ளட்டும்.

இப்போது காற்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காலைக் குளிரிலும் அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பு வெயிலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. பந்தடி சொல்வது அந்த அளவில் சரி. உங்கள் பந்து வெளியேறும் கணத்தில் காற்றுத் தடை அதன் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம், அதனால் கவனிக்க வேண்டியதும்தான். ஆனால் மூன்று மீற்றருக்கு அந்த வித்தியாசம் சில சென்ரிமீற்றர். அதிலும் பின்சுழற்சி கொடுக்கும் தூக்கல் அடர்த்தியான காற்றில் கொஞ்சம் கூடும், ஒரு பகுதியை அது ஈடு செய்யும். போட்டி இடத்தில் 3,000 ஐ 3,030 ஆக்கினால் தீரும் விசயம். எறிவேகத்தை நிரலுக்குள் புதைக்காமல் வெளியே ஒரு குமிழில் வையுங்கள்.

பந்தடி

அப்படியென்றால் எங்களுக்கு நடந்தது காற்று மட்டும் இல்லை. நாங்களும் நிலையான அளவுதான் கொடுத்தோம். பெட்டரி இறங்க இறங்க வேகமும் இறங்கியிருக்கும். இத்தனை நாள் காற்றையே காரணமாக நினைத்திருந்தேன். தங்கச்சி, சென்சரைப் போட்டுவிடுங்கள்.

ரோலிங்_ரூம்

பந்துகளை இரவில் எங்கே வைக்கிறீர்கள் மகள்? இங்கே பனியில் சாக்கு வெளியே கிடந்தால் காலையில் பாரமாகிவிடும். ஸ்பொஞ்சும் அப்படித்தான். ஈரமான பந்து ரப்பரில் வழுக்கும்.

நானுஓயா_பனி

மாமா, நீங்கள் கேட்டதும் தராசில் போட்டோம். ஜன்னலோரம் கிடந்த பந்து 87 கிராம், பெட்டிக்குள் இருந்தது 80. இப்போது எல்லாப் பந்தையும் மூடியுள்ள வாளியில் வைக்கிறோம்.

சென்சர் போட்டாயிற்று. முதல் நாள் பொய்த் துடிப்பு வந்து வேகம் 9,000 என்று காட்டியது. கொள்ளளவி பற்றவைத்ததும் சரியானது. பந்து போனதும் வேகம் 2,880 க்கு விழுந்து, 0.17 விநாடியில் திரும்புகிறது. நேற்றுப் பின்னேரம் பத்து முறை மூன்று மூன்றாக விட்டோம். முப்பதில் இருபத்தாறு உள்ளே. தவறிய நான்கில் மூன்று, பந்து தகட்டுக்குள் கோணலாக ஏறியதால். அதற்கு வழிகாட்டிப் பட்டை வைக்கிறோம்.

முதலாவதைப் போன்ற 775 ஒன்றும் கிடைத்தது, 94 ஹேர்ட்ஸ். அதன் மேல் எண்ணை எழுதி வைத்துவிட்டோம். மோட்டார் தொடர்ந்து பதினைந்து நிமிடம் பழகினால் சூடாகிறது, இடையில் ஆற விட்டால் போதுமா, சின்ன விசிறி வைக்க வேண்டுமா?

ஊவா_காற்று

போட்டியில் ஆற நேரம் கிடைக்கும். பழகும்போது கணினியின் பழைய 12 வொல்ட் விசிறி ஒன்றைப் பின்துளைப் பக்கம் ஊதும்படி வையுங்கள். சூடானால் செம்பின் தடை ஒரு பாகைக்கு 0.4 சதவீதம் அளவுக்குக் கூடும், மீளும் நேரமும் அதற்கேற்ப நீளும். ஆகவே ஆறிய மோட்டாரில் ஒரு முறை, சூடான மோட்டாரில் ஒரு முறை மீளும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கொழும்புக்குப் புறப்படுங்கள். பியூஸ் நான்கைந்து கூடுதலாக எடுத்துப் போங்கள்.